துருவுக்குத் தனி விலை

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே விலை வைத்தால் அதற்குப் பெயர் பொம்மை. யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் பிள்ளை கையில் கொடுத்து உடைத்துவிட்டு, சக்கரம் கழன்றுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே குட்டி ரயில் எஞ்சினில் நாற்பத்தாறாயிரம் என்று சீட்டு ஒட்டிப் பாருங்கள், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து தொடுவார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் காகிதத்தைக் கொடுத்து, சுருக்கமாக எழுதினால் போதும் என்றீர்கள். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். என் பெயர் பேச்சிராஜா, தகப்பனார் செல்லச்சாமி, வயது நாற்பத்தாறு, ஊர் சங்கரன்கோவில்தான். போன ஆவணி மாதம் ரயில்வே சுரங்கப்பாதை இறக்கத்தில் மினி லாரி மோதி, ஓய்வுபெற்ற கேட் கீப்பர் நல்லகண்ணு இறந்துபோனார். லாரியை ஓட்டியவன் வாசிம். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டுத் தண்டவாளப் பக்கம் திரும்பினேன், அதற்குள் பெரியவர் நடுரோட்டில் நின்றார் என்று அவன் சொன்னான். அந்த நேரத்தில் இந்தப் பாதையில் ரயிலே கிடையாது என்பது தெரிந்ததும், போன் பார்த்துக்கொண்டு ஓட்டியதை மறைக்கப் புளுகுகிறான் என்று ஊரே முடிவு கட்டியது. இப்போது வழக்கு நடக்கிறது, லைசென்ஸும் போய்விட்டது. அவன் புளுகவில்லை. ஊதல் சத்தம் கேட்டது நிஜம். ஊதியது நான்.

இதோடு பேனாவை மூடிவிடலாம். ஆனால் ஏன் ஊதினாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் விலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் டி.வி. மெக்கானிக். தட்டை டி.வி. வந்தபிறகு யாரும் பழுது பார்ப்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். கொஞ்ச நாள் விசைத்தறிக் கூடங்களில் மோட்டார் போர்டு பார்த்துப் பிழைத்தேன். அப்போதுதான் ஓர் எஞ்சினியர், வெளிநாட்டில் வாங்கிய குட்டி ரயில் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓடுகிறது, சத்தம் வரவில்லை என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையில் நான் ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம். அன்றைக்கே என் தொழில் மாறிவிட்டது.

நான் செய்கிற எஞ்சின் பார்வைக்கு மீட்டர் கேஜ் காலத்துக் கரி எஞ்சின். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கறுப்பு உடம்பு, நெற்றியில் பித்தளை வளையம் போட்ட விளக்கு. வெளியே எல்லாம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. ஒரு சின்ன போர்டு, ஒரு ஸ்பீக்கர், எண்ணெயைச் சூடாக்கிப் புகை விடுகிற கம்பிச் சுருள், இன்டர்நெட்டோடு சேர்கிற ஒரு சிப். போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் புகை வரும், இன்னொன்றைத் தொட்டால் ஊதும். எஞ்சின் இந்த ஊரில் இருக்கலாம், பொத்தானை அழுத்துகிறவர் துபாயில் இருக்கலாம்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். வேடிக்கையான ஆட்கள். அவர்களுக்குப் பழைய ரயில் வேண்டும், ஆனால் கரித்தூள் கண்ணில் விழக் கூடாது. புகை வேண்டும், இருமல் வரக் கூடாது. ஊதல் வேண்டும், வீட்டுக்காரம்மா முறைத்தால் குறைத்துக்கொள்ள வசதியும் வேண்டும். ஒருவர், சக்கரத்து ஓரத்தில் கொஞ்சம் துரு இருந்தால் உயிரோட்டமாக இருக்குமே என்று இழுத்தார். காவியும் கறுப்பும் குழைத்துத் தூரிகையால் துரு வரைந்து கொடுத்தேன். அதற்கு இரண்டாயிரம் கூட வாங்கினேன். அன்று முதல் என் விலைப் பட்டியலில் துருவுக்குத் தனி வரி உண்டு. சிரிக்காமல் துருவுக்கு விலை சொல்லப் பழகிவிட்டால் பிறகு எதற்கும் விலை சொல்ல வந்துவிடும்.

நல்லகண்ணு அண்ணாச்சி என் கடைக்கு வந்தது போன வைகாசியில். வந்தார் என்று சொல்வதைவிட, அவர் மகள் யோகலட்சுமி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும் வழியில் நின்றுவிட்டார் என்பதுதான் சரி. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்வதிலேயே நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு மறதி நோய். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எஞ்சின் வட்டம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் பார்க்கிறாரே என்று பொத்தானைத் தொட்டு ஒருமுறை ஊத வைத்தேன்.

கூன் போட்டு நின்ற மனிதர் அப்படியே நிமிர்ந்தார். "யோகு, கொடி எங்கட்டி?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கடை வாசலிலேயே அழுதுவிட்டாள். "அண்ணாச்சி, எட்டு மாசமா அப்பா எம்பேரச் சொல்லல. யாரு நீ, யாரு நீன்னுதான் கேப்பாவ. இப்ப யோகுங்காவ பாத்தியளா" என்றாள். பிறகு விலை கேட்டாள். நாற்பத்தாறாயிரம் என்றேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள், நான் செய்ததில் பதினேழாம் நம்பர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், இலவசமாகவே கொடுத்தேன். ஹாலில் தண்டவாளம் போட்டு, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்து, ஓட்டிக் காட்டிவிட்டு வந்தேன். ஒரு காப்பி மட்டும் குடித்தேன்.

இலவசம் என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. அன்றைக்குக் கடை கேமராவில் பெரியவர் நிமிர்ந்த காட்சி பதிவாகி இருந்தது. அதை அப்படியே வெட்டி இன்டர்நெட்டில் என் கடைப் பக்கத்தில் போட்டிருந்தேன். மூன்று நாளில் ஒன்றரை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் நான் போட்ட வீடியோ எதையும் ஆயிரம் பேர்கூடப் பார்த்ததில்லை. நாலாம் நாள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனபோது இந்தக் கணக்கு என் மண்டையில் இருந்தது. இரக்கமும் இருந்தது. எது முன்னால் இருந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் வீடு பழைய ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். சுரங்கப்பாதை வந்ததும் கேட்டை எடுத்துவிட்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். வீட்டு வாசலைத் தாண்டினால் ரோடு, அந்த இடத்தில்தான் இறக்கம் ஆரம்பிக்கிறது. வண்டிக்காரர்கள் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வேகமாக இறங்குவார்கள். யோகலட்சுமி காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, வெளிக் கிரில் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் வந்துதான் திறப்பாள். மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா கிரில் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வார்.

நான் ஹாலில் ஒரு கேமராவும் வாசலில் ஒரு கேமராவும் மாட்டிக் கொடுத்தேன். "நீ ஆபீஸ்ல இருந்தே அப்பாவப் பாத்துக்கிடலாம் தாயி" என்றேன். அவளுக்கு அது பெரிய நிம்மதி. அவள் போனிலும் தெரியும், என் போனிலும் தெரியும். ஏதாவது கோளாறு வந்தால் சரிபார்க்க என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் அதைக் கேள்வி கேட்கவில்லை.

வாரம் இரண்டு மூன்று தடவை கடையில் உட்கார்ந்தபடியே ஊத வைப்பேன். பெரியவர் எழுந்திருப்பார். ஆணியில் மாட்டிய காக்கிச் சட்டையைப் போட்டு, மேல் பட்டன் வரை மாட்டிக்கொண்டு, மூலையில் இருக்கும் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வந்து கிரிலுக்குப் பின்னால் நிற்பார். கொடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இல்லாத ரயில் கடந்து போகும்வரை அசையாமல் நிற்பார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை ஒவ்வொரு தடவையும் என் கடைப் பக்கத்தில் போட்டேன். மாதம் இரண்டு எஞ்சின் விற்றுக்கொண்டிருந்தவன் ஆனியில் ஒன்பது விற்றேன். நாற்பத்தாறை எழுபத்திரண்டாக்கினேன். ஒருவர்கூட ஏன் ஏறியது என்று கேட்கவில்லை.

அவரோடு பேசவும் செய்திருக்கிறேன், வெறுமனே பொத்தானை அழுத்தினேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஊதல் சத்தத்தைச் சரியாக அமைக்க அவரிடம்தான் கேட்டேன். மகள் பெயர் மறந்துபோகும் மனிதருக்கு அது மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒரே ஊதலா நீட்டி ஊதுனான்னா, வாரேன் பாத்துக்கோன்னு அர்த்தம் தம்பி. விடாம ஊதுதான்னு வையும், கேட்டு தொறந்து கெடக்குன்னு அர்த்தம். அப்பம் கொடி காட்டுனாப் பத்தாது. ரோட்டுல போயி நின்னு வண்டிய மறிக்கணும். சட்டை போடக்கூட நேரம் பாக்கக் கூடாது."

"நீங்க அப்பிடி மறிச்சிருக்கியளா அண்ணாச்சி?"

"ரெண்டு தடவ. ஒண்ணு பஸ்ஸு. உள்ள நாப்பது உசுரு இருந்துச்சு வே" என்றார். கொஞ்ச நேரத்தில் நான் யாரென்று கேட்டார்.

ஆக, ஒரு ஊதலுக்கும் விடாத ஊதலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று என் வக்கீல் யாராவது பின்னால் சொன்னால் அதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பிறகு இரண்டு தொந்தரவு வந்தது. எஞ்சினுக்குள் இருக்கிற ஸ்பீக்கர் சத்தம் பெரியவர் காதுக்குச் சில நாள் எட்டவில்லை. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டால் எனக்கு அன்றைக்கு வீடியோ இல்லை. அதனால் கோயில் கொடை விழாவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு குழாய் ஸ்பீக்கரை வாசல் சுவரில் நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டி, எஞ்சினோடு இணைத்தேன். அக்கம்பக்கம் ஆட்சேபிக்கவில்லை. ரயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள், அவர்களுக்கு ஊதல் சத்தம் காதிலேயே விழாது.

இரண்டாவது தொந்தரவு பூட்டு. வீடியோவுக்குக் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், பெற்ற தகப்பனைச் சிறையில் போட்டிருக்கிறாள் என்று ஒருவர், இந்தக் கொடுமையைக் காட்டித்தான் வியாபாரமா என்று இன்னொருவர். இரண்டு ஆர்டர் ரத்தானது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே யோகலட்சுமியிடம் போய் உட்கார்ந்தேன்.

"பெரியவர மிருகம் மாதிரி பூட்டி வைக்கக் கூடாது தாயி. அவியளுக்கு மனசு என்ன பாடுபடும்?"

"பூட்டாமப் போனா ரோட்டுக்குப் போயிருவாவளே அண்ணாச்சி. எறக்கத்துல வண்டி என்ன வேகத்துல வருது பாருங்க."

"நான் எதுக்கு இருக்கேன்? நாள் பூரா போனப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கார எடுத்தா ஆறே நிமிஷம்."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள். மறுநாளிலிருந்து கிரிலை வெறுமனே சாத்திவிட்டுப் போனாள். அந்தப் பெண் என்னை நம்பினாள். அண்ணன் தம்பி இல்லாத பெண், என்னை அந்த இடத்தில் வைத்தாள்.

சம்பவத்தன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று நாற்பது இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு என்றேன், அறுபது என்றார். பெரியவர் வீட்டு கேமராக் காட்சியை அவருக்குக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் வேலை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

"இது பழைய ரெக்கார்டிங் தானுங்களே? எல்லாரும் இப்படித்தான் ஏமாத்தறாங்க. இப்ப ஊதுங்க, பார்க்கலாமுங்க" என்றார் டாக்டர்.

ஒரு முறை ஊதினேன். பெரியவர் கீரையை ஒதுக்கி வைத்தார். சட்டையைப் போட்டார், கொடியை எடுத்தார், வாசலுக்கு வந்து கிரிலுக்கு உள்ளேயே நின்றார். கதவு பூட்டவில்லை, ஆனாலும் அவர் அதைத் தாண்டவில்லை. ஒரு ஊதலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிறகு ஏதோ நினைவில் ரோட்டுக்கு இறங்கிவிட்டார், விபத்து நடந்துவிட்டது.

ஐயா, இந்தக் கடைசி வாக்கியம் பொய். அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன். மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது இதுதான், அதனால் கை தானாக எழுதிவிட்டது.

நடந்தது இது. டாக்டருக்குப் பாதி திருப்தி. "அங்கயே நிக்கறாருங்களே. வெளிய வருவாருங்களா?" என்று கேட்டார். நான் வருவார் என்றேன். சொல்லிவிட்டுப் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினேன். எடுக்கவில்லை. ஊதல் நிற்காமல் போயிற்று. பெரியவர் முகம் மாறியதை வாசல் கேமராவில் பார்த்தேன். கொடியைக் கீழே போட்டார். கிரிலைத் தள்ளித் திறந்துகொண்டு, எழுபத்தொன்பது வயது மனிதர், ஓடினார். ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஏலே, நில்லுங்கலே, வண்டி வருது, நில்லுங்கலே" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அப்போது ரோட்டில் வண்டி எதுவும் இல்லை. நான் விரலை எடுத்திருக்கலாம். அவர் சட்டென்று நின்றிருப்பார், குழம்பிப்போய் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். நாற்பது விநாடி இருந்தது. டாக்டர் தன் பக்கம் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தார். இவ்வளவு நல்ல காட்சி அதுவரை கிடைத்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

"சரிங்க, எழுபத்திரண்டே இருக்கட்டுமுங்க" என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரேக் சத்தம் கேட்டது. விரலை எடுத்தேன்.

வாசிம் வேகமாக வந்தான் என்கிறார்கள். இறக்கத்தில் எல்லோரும் வருகிற வேகம்தான். ஊதல் சத்தம் கேட்டுத் தண்டவாளப் பக்கம் திரும்பினான். சுரங்கப்பாதை வந்தபிறகும் இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஊதல் கேட்டால் தலை தானாகத் திரும்பும். எனக்கும் திரும்பும்.

சொன்ன மாதிரியே காரில் ஆறு நிமிஷத்தில் போய்விட்டேன். ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வாசிம் ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். பெரியவருக்கு உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும், "வண்டி போயிட்டா தம்பி?" என்று கேட்டார். "போயிட்டு அண்ணாச்சி, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு ஆறுதலையாவது கொடுத்தேனே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

யாரோ என் காரைக் காட்டி, தூக்கிப் போடுங்க அண்ணாச்சி, பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். "முதுகெலும்பு முறிஞ்சிருக்கும், அசைச்சா ஆபத்து, நூத்தியெட்டு வரட்டும்" என்றேன். படித்தவன் மாதிரி பேசினேன், கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முதுகெலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை எல்லோரும் அவரைச் சுற்றி நிற்பார்கள், வீட்டுப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள் என்பது தெரியும். உள்ளே போய்ச் சுவரில் இருந்த குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிக் கார் டிக்கியில் வைத்தேன். வாசல் கேமராவைக் கழற்றினேன். என் போனிலும், நான் உண்டாக்கிக் கொடுத்த அவள் கணக்கிலும் இருந்த அன்றைய பதிவை அழித்தேன். வெளியே வந்தபோது பெரியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறந்துபோனார். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா யோகலட்சுமியிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். கையில் பதினேழாம் நம்பர் எஞ்சின், துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

"இத இனிமே வீட்டுல வச்சிருக்க முடியாது அண்ணாச்சி. நீங்களே வச்சிக்கிடுங்க. பூட்டாமப் போனது எந்தப்பு. நீங்க மட்டும் அன்னைக்கு ஓடி வரலேன்னா அப்பா அநாதையால்லா கெடந்திருப்பாவ" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உன் தப்பு இல்லை தாயி என்று சொன்னேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. எஞ்சினை வாங்கிக்கொண்டேன். அன்று இரவிலிருந்து எனக்குச் சோறு இறங்குவது கஷ்டமாகிவிட்டது. பொய்யாகச் சொல்லவில்லை, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை.

புரட்டாசிக் கடைசியில் வாசிமின் தாயார் வந்தார். மெஹர்பானு என்று பெயர், விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவர். கடைக்குள் வராமல் படியிலேயே நின்றார். கண்ணாடிக்குள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சற்று நேரம் பார்த்தார்.

"ரயில் சங்கதியெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாக. அன்னைக்கு அந்த நேரத்துல கூட்ஸ் வண்டி, ட்ராலின்னு எதாச்சும் போயிருக்குமா அண்ணாச்சி? எம்பிள்ளை ஊதல் சத்தம் கேட்டேங்கான். அல்லா மேல ஆணையா, பொறந்ததுலருந்து அவன் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. இப்பம் அவனுக்கே சந்தேகமாப் போச்சு. எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிட்டோம்மான்னு கேக்கான்."

நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கூட்ஸ் கிடையாதும்மா, ட்ராலியும் கிடையாது, நானே விசாரித்துப் பார்த்துவிட்டேன், சத்தம் எதுவும் வந்திருக்க வழியில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சும்மா சிரமம் கொடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்னால் ஒரு பையன் தன் காதையே நம்பாமல் போய்விட்டான். பெரியவருக்கு வயதாகிவிட்டது, எப்படியும் போகிற காலம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இதற்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் முகம்தான் இன்று என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது.

இனி நீங்கள் கேட்கப் போவது தெரியும். நான் எழுதியது போதாது, கோர்ட்டில் ஆதாரம் வேண்டும். பயந்துபோய் எழுதிக் கொடுத்தான், வாசிம் தரப்பில் காசு வாங்கிக்கொண்டு எழுதினான் என்றெல்லாம் சொல்வார்கள். ஆதாரம் உண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் சிப்பில் ஒவ்வொரு ஊதலும் நேரத்தோடு பதிவாகும். எத்தனை விநாடி ஊதியது என்பதுகூட இருக்கும். போனில் அழித்தாலும் அது அழியாது, நான்தான் அப்படிச் செய்து வைத்தேன், பழுது பார்க்க வசதியாக இருக்குமே என்று. டாக்டர் தன் பக்கத்துப் பதிவை அழித்துவிட்டதாகச் சொல்கிறார். வாசிம் சொன்னது நிஜம் என்று காட்ட உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பதினேழாம் நம்பர் எஞ்சின்தான்.

அது என்னிடம் இல்லை. கோயம்புத்தூர் டாக்டர் வீட்டில் இருக்கிறது, விலாசம் தருகிறேன், அவர் அதைத் திறந்து சிப்பை மாற்றியிராவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் கடையில் இருக்க முடியவில்லை, அதனால் கைமாற்றிவிட்டேன் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்க முடியாத பொருள் என்றால் கிணற்றில் போட்டிருக்கலாம். நான் ஒன்றரை லட்சம் விலை வைத்தேன், மெஹர்பானு வந்து போன மறுநாள், கேட் கீப்பர் கடைசியாகக் கேட்ட ஊதல் இந்த எஞ்சினுடையது என்று டாக்டருக்கு எழுதி.